நீட்டிய ஸ்வரம் பாதியில் மறைந்தால்: இணையவழி சாக்ஸபோன் பயிலரங்கில் வரும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் முறையும்

பாளையங்கோட்டையில் ஓர் அறையில் அமர்ந்துகொண்டு, அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில், தென்காசிப் பக்கத்துக் கலைஞர்களையும் மாணவர்களையும் வெளியூர் ஆசிரியர்களோடும் விருந்தினராக வரும் வித்வான்களோடும் ஒரு நாள் முழுவதும் இணைத்து வைக்கும் சாக்ஸபோன் பயிலரங்குகளில், தொழில்நுட்பப் பொறுப்பை நான் கவனித்து வருகிறேன். கோயில் கச்சேரிக்கு வாசிப்பவர், தேவாலயப் பாடற்குழுவில் வாசிப்பவர், கல்யாண பேண்டு செட்டில் வாசிப்பவர் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். கோளாறுகள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் முதலில் கருவியைச் சந்தேகிக்கிறார்கள், அடுத்து இணைய வேகத்தைச் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் பிழை இவ்விரண்டிலும் இருப்பதில்லை. செயலியின் ஓர் அமைப்பிலோ மைக் இருக்கும் இடத்திலோதான் இருக்கிறது. ஆகவே செலவில்லாத காரணத்தில் தொடங்கி, செலவு மிகுந்த காரணத்தை நோக்கிச் செல்லும் வகையில் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டிய ஒரே சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும், பயிலரங்கிலிருந்து ஒரு நிமிடம் வெளியே வந்து, அதே கைபேசியில் அல்லது கணினியில் உள்ள குரல் பதிவுச் செயலியைத் திறந்து, அதே இடத்தில் நின்று, கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயி வரை ஒரு முறை மெதுவாக வாசித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு தெளிவாக இருந்தால் கருவியும் மைக்கும் நன்றாக இருக்கின்றன. கோளாறு செயலியிலோ இணைப்பிலோ இருக்கிறது. பதிவிலேயே ஒலி கெட்டிருந்தால், இணையத்தைக் குறை சொல்வதை விட்டுவிட்டு மைக்கையும் கருவியையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் என்னை அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பதும் அந்தப் பதிவைத்தான்.

நீட்டிய ஸ்வரம் தேய்ந்து மறைகிறது

இதுவே மிக அதிகமாக வரும் கோளாறு. ஆசிரியர் ஆதார சட்ஜமத்தைப் பிடித்து நிறுத்தச் சொல்கிறார். மாணவர் மூச்சைக் கட்டி ஊதுகிறார். அவருடைய வீட்டில் ஸ்வரம் முழுமையாக ஒலிக்கிறது. கேட்பவர்களுக்கோ இரண்டு மூன்று வினாடிகளில் அது தேய்ந்து காணாமல் போகிறது; மூச்சு எடுத்து மறுபடி ஊதும் கணத்தில் மட்டும் பளிச்சென்று எழுகிறது. கூட்டச் செயலிகள் பேச்சுக்காக உருவானவை. மாறாமல் நீளும் ஒலியை மின்விசிறி இரைச்சலாகக் கருதி அவை அடக்கிவிடுகின்றன. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கேட்டுப் பழகிய ஊர்க்காரர்களுக்கு, கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் நயம், இல்லாத ஸ்வரத்தைக் கேட்பதில் ஒரு பயனும் இல்லை. சாக்ஸபோனில் கமகம் பேசும் என்று, அக்கருவியில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் தம் வாழ்நாள் முழுவதும் வாசித்துக் காட்டினார்; அந்த அசைவைச் செயலி தின்றுவிட்டால் விருந்தினரை அழைத்ததே வீணாகிவிடும்.

ஜூம் செயலியில் ஒலி அமைப்புகளுக்குள் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற தேர்வு இருக்கிறது. அதை இயக்கி, அதன் கீழே உள்ள 'ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்' என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இயர்போன் அணிந்திருப்பவர் எதிரொலி நீக்கத்தையும் அணைத்துவிடலாம். ஒலிபெருக்கியில் கேட்பவர் அதை அணைக்கக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகும் ஸ்வரம் மறைகிறது என்றால், கூட்டத்துக்குள் வந்த பின் திரையின் மேல் ஓரத்தில் தோன்றும் அதே பெயருள்ள பொத்தான் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமைப்பில் அனுமதி கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குள் பொத்தானை அழுத்த மறந்தவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். கைபேசியிலும் இவ்வசதி உண்டு. பதிப்புக்குப் பதிப்பு அதன் இடம் மாறுவதால் பயிலரங்குக்கு முந்தைய நாளே தேடி வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த அமைப்பை மாற்ற வேண்டியவர் வாசிப்பவரே. கேட்பவர் தம் பக்கத்தில் எதை மாற்றினாலும் அனுப்பும் இடத்திலேயே அடங்கிவிட்ட ஒலி திரும்பி வராது. விருந்தினர் வித்வான் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நிகழ்ச்சிக்கு முன் பத்து நிமிடம் தனியாக இணைந்து, ஒரு ஸ்வரத்தை நீட்டி வாசித்துக் காட்டும்படி மரியாதையுடன் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டவர்களில் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

பொத்தானும் இயக்கத்தில் இருந்தால், அடுத்தது கணினி. சில மடிக்கணினிகளில் தயாரிப்பாளரே இரைச்சல் நீக்கும் மென்பொருளைச் சேர்த்து அனுப்புகிறார். விண்டோஸ் ஒலி அமைப்பில் மைக்கின் பண்புகளுக்குள் சென்று 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை அணைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் புளூடூத் இயர்போனைக் கழற்றிவிட்டுக் கம்பி இயர்போனுக்கு மாற வேண்டும். புளூடூத் கருவியின் மைக் இயங்கத் தொடங்கியதும், அது தொலைபேசிப் பேச்சுக்கு உரிய குறுகிய ஒலிக்கு இறங்கிவிடுகிறது. நல்ல சாக்ஸபோனும் அதில் பழைய வானொலிபோல் கேட்கும். கடைசி வழி தனியாக ஒரு யு.எஸ்.பி. மைக் வாங்குவது. இந்த அறிகுறிக்குத் தொழில்நுட்பரை அழைக்க வேண்டிய தேவை அநேகமாக வராது.

ஒலி கரகரக்கிறது, உடைகிறது

ஸ்வரம் முழுமையாக வருகிறது, ஆனால் பலமாக ஊதும்போது கிழிகிறது என்றால், மைக் மிக அருகில் இருக்கிறது அல்லது அதன் ஒலி அளவு மிக அதிகமாக இருக்கிறது. சாக்ஸபோனின் ஒலி வாய்மணியிலிருந்து, அதாவது கருவியின் முனையில் அகன்று விரிந்த வாயிலிருந்து, மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் துளைகளிலிருந்தே பெரும்பகுதி வருகிறது. ஆகவே வாய்மணிக்கு நேராகக் கைபேசியை நிறுத்துவது இரு வகையிலும் தவறு: அடி ஸ்வரங்கள் இடிக்கும், மற்றவை மெலிந்து கேட்கும். நான்கைந்து அடி தள்ளி, வாசிப்பவரின் இரு கைகளுக்கும் நடுவே நோக்கியபடி மைக்கை வைத்தால் எல்லா ஸ்வரங்களும் சமமாக வரும். பிறகு மைக் அளவைத் தானாக மாற்றும் தேர்வை அணைத்துவிட்டு, மிகப் பலமான ஸ்வரத்தை வாசிக்கும்போது அளவுக்கோடு முக்கால் பங்குக்கு மேல் போகாதபடி கையால் வைக்க வேண்டும்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஆனி, ஆடி மாதங்களில் இணைபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாரல் காற்று சன்னல் வழியாக நேராக மைக்கில் மோதும்போது எழும் புடபுடப்பைப் பலர் இணையக் கோளாறு என்று எண்ணுகிறார்கள். சன்னலைச் சாத்தி, மின்விசிறியைக் குறைத்து, மைக்கின் மேல் மெல்லிய பஞ்சுறை ஒன்றைப் போட்டாலே போதும். தகரக் கூரையில் மழை விழும் இரைச்சலுக்கு மருந்து இல்லை. அறையை மாற்ற வேண்டியதுதான்.

ஒலி விட்டு விட்டு வருகிறது, படம் உறைகிறது

இங்கேதான் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் சொந்தப் படத்தை அணைக்கவும். ஜூமின் உயர்தர இசை ஒலிக்கு வினாடிக்கு 96 கிலோபிட், ஸ்டீரியோவாக இருந்தால் 192 கிலோபிட் மட்டுமே செலவாகிறது. பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வது படம். படத்தை அணைத்ததும் ஒலி சீரானால் காரணம் தெரிந்துவிட்டது. விரல் பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் படத்தை இயக்கிக்கொள்ளலாம்.

சீராகவில்லை என்றால், வீட்டில் வேறு யாராவது அதே இணைப்பில் படம் பார்க்கிறார்களா என்று கேட்க வேண்டும். அடுத்து ரவுட்டர் இருக்கும் அறைக்கே கருவியுடன் செல்ல வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் தடித்த சுவர் இரண்டைத் தாண்டினால் வைஃபை வலுவிழந்துவிடும். அதையும் விட உறுதியானது, ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராக லேன் கம்பி இழுப்பது. நாள் முழுவதும் நடத்தும் ஹோஸ்ட்டுக்கு இதை நான் கட்டாயமாகவே வைத்திருக்கிறேன். கண்ணாடியிழை இணைப்புப் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பியில் ஒளி வரவில்லை என்று பொருள். அப்போது பெட்டியைத் திரும்பத் திரும்ப அணைத்து ஏற்றுவதில் பயனில்லை. இணைப்பு கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, அதுவரை கைபேசி ஹாட்ஸ்பாட்டில் தொடர வேண்டும்.

எதிரொலி, ஊளை

ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் இரண்டு கைபேசிகளில் இணைந்திருப்பார்கள். ஒன்றின் ஒலிபெருக்கியை மற்றொன்றின் மைக் பிடிக்கிறது. ஒரு கூடத்தில் ஒரு கைபேசி மட்டும் ஒலியுடன் இணைந்திருக்க வேண்டும். மற்றது மியூட்டில் இருந்தால் போதாது, அதன் ஒலிபெருக்கியும் அணைந்திருக்க வேண்டும்.

சுருதி சேரவில்லை

இதில் மூன்று வேறு கோளாறுகள் ஒரே முகத்துடன் வருகின்றன. எது என்று பிரித்தறிவதே பாதி வேலை.

அரைக் கட்டை, ஒரு கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) என்று இல்லாமல் வெகு தூரம் விலகி ஒலித்தால், கருவியின் வகை வேறாக இருக்கிறது. ஆல்ட்டோ சிறிய சாக்ஸபோன், டெனார் அதைவிடப் பெரியது. ஆல்ட்டோ சாக்ஸபோனில் 'சி' விரல் (அந்த ஸ்வரத்துக்கு உரிய விரல் நிலை) பிடித்தால் எழுவது இரண்டரைக் கட்டை. டெனாரில் அதே விரலுக்கு எழுவது ஆறரைக் கட்டை. 'ஜி' விரலைச் சட்ஜமமாக வைத்தால் ஆல்ட்டோ ஆறரைக் கட்டையிலும் டெனார் நாலு கட்டையிலும் நிற்கும். விருந்தினர் ஆல்ட்டோவில் 'ஜி' விரலைக் காட்டினால், டெனார் வைத்திருப்பவர் அதே சுருதியில் நிற்க 'சி' விரலைப் பிடிக்க வேண்டும். பேண்டு செட்டில் டெனார் வாசித்துப் பழகியவர்கள் பலர் பயிலரங்குக்கு வருவதால், அழைப்பிலேயே ஆசிரியரின் கருவி எது, சட்ஜமம் எந்த விரல், எத்தனை கட்டை என்ற மூன்றையும் எழுதிவிடுவது என் வழக்கம். நாளின் தொடக்கத்தில் கால் மணி நேரக் குழப்பம் இதனால் தவிர்கிறது.

கொஞ்சம் மட்டும் விலகி ஒலித்தால் வெப்பமே காரணமாக இருக்கலாம். சூடான காற்றில் ஊதுகருவியின் சுருதி ஏறும். குளிரூட்டிய அறையில் ஆசிரியர் வாசிக்க, சித்திரை வெயிலில் மேலப்பாளையத்து மாடியறையில் மாணவர் வாசித்தால் இருவரும் ஒன்றாக நிற்க முடியாது. ஐந்து நிமிடம் ஊதிக் கருவியைச் சூடாக்கிய பிறகு, கைபேசி டியூனரைப் பார்த்து வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸை நெக்கின் (கருவியின் வளைந்த கழுத்துக் குழாயின்) கார்க்கில் சிறிது வெளியே இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். மவுத்பீஸ் தானாக நகர்ந்துகொண்டே இருந்தால் கார்க் தேய்ந்துவிட்டது. பயிலரங்கு முடியும் வரை அதன் மேல் ஒரு சுற்றுக் காகிதம் சுற்றிச் சமாளிக்கலாம். பிறகு கார்க்கை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, சுருதிப்பெட்டி. ஆசிரியர் தம் அறையில் வைத்த சுருதி பாதியில் மறைந்து, மாணவர் ஆதாரமில்லாமல் வாசிக்க நேரிடுகிறது. அதுவும் மேலே சொன்ன இரைச்சல் அடக்கும் அமைப்பின் வேலையே. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலேயே தம்புராச் செயலியை அதே கட்டையில் வைத்துக்கொள்வது சிறந்த தீர்வு. ஹோஸ்ட் ஒருவரே எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமானால், திரைப் பகிர்வில் கணினி ஒலியைப் பகிரும் தேர்வைப் பயன்படுத்த வேண்டும்.

தாளம் சேரவில்லை

இதைச் சரிசெய்ய முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒலி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சென்று சேர ஏற்படும் தாமதம் ஏறத்தாழ 30 மில்லிவினாடியைத் தாண்டினால் இருவர் சேர்ந்து வாசிப்பது தடுமாறத் தொடங்குகிறது. சாதாரணக் கூட்டச் செயலிகளில் தாமதம் அதைவிடப் பல மடங்கு. எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும் இது தீராது. ஆகவே ஆசிரியர் ஒரு வரி வாசிக்க, எல்லோரும் மியூட்டில் இருந்தபடி தம் வீட்டில் திருப்பி வாசிக்க, பிறகு ஒவ்வொருவராகத் திறந்து காட்டுவதே ஒழுங்கான முறை. மிருதங்கத்துடன் வாசிக்க வேண்டும் என்றால், மிருதங்கத்தை முன்கூட்டியே பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பி, அவரவர் வீட்டில் அதை ஓடவிட்டு வாசிக்கச் செய்யலாம்.

முதல் ஸ்வரமே கீச்சிடுகிறது

விருந்தினரின் கச்சேரியை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, தம் முறை வந்ததும் கருவியை எடுப்பவருக்கே இது பெரும்பாலும் நேர்கிறது. மவுத்பீஸில் மாட்டியபடியே இருந்த ரீடு (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) காய்ந்திருக்கும். நுனியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நேராக இருக்க வேண்டிய விளிம்பு நெளிநெளியாக ஏறி இறங்கித் தெரியும். ரீடைக் கழற்றி, வாயில் வைத்தோ தண்ணீரிலோ ஓரிரு நிமிடம் ஊறவைத்து, கண்ணாடி போன்ற சமமான பரப்பில் வைத்துக் கட்டைவிரலால் தடவினால் நெளிவு நீங்கும். மறுபடி மாட்டும்போது ரீடின் நுனியும் மவுத்பீஸின் நுனியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் கீச்சிடும். நுனி பிளந்திருந்தால் ரீடை மாற்ற வேண்டும். ஊறிய இரண்டு ரீடுகளை அருகில் வைத்துக்கொள்ளும்படி ஒவ்வொரு முறையும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

அடி ஸ்வரங்கள் பேசவில்லை, அல்லது குளறுகின்றன

முதலில் நெக்கின் திருகு இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து ஒரு சிறிய சோதனை: கீழ் ஸ்தாயி 'டி' விரலைப் பிடித்து ஊதிக்கொண்டே, இடது சுண்டுவிரலால் 'ஜி ஷார்ப்' கீயை அழுத்த வேண்டும். ஒலி மாறக் கூடாது. மாறினால், வலது கை விரல்கள் பிடித்து வைத்திருக்க வேண்டிய 'ஜி ஷார்ப்' பேடு (துளையை மூடும் மெத்தை) சற்றுத் திறக்கிறது என்று பொருள். அதற்கு மேலே உள்ள சின்னத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் வலது கை பேடுகள் மூடாமல் போகும்.

அதில் பிழை இல்லை என்றால், சிகரெட் காகிதம் போன்ற மெல்லிய காகிதத்தை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு பேடுக்கும் துளைக்கும் இடையில் வைத்து மெதுவாக மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். நாலு பக்கமும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் காகிதம் தடையில்லாமல் வழுக்கி வந்தால் அங்கே காற்று கசிகிறது. கசிவைக் கண்டுபிடிப்பது வரைதான் வீட்டு வேலை. பேடை மாற்றுவதும், சூடேற்றி அமர்த்துவதும், கீழே விழுந்து வளைந்த தண்டை நிமிர்த்துவதும் பழகியவரின் கைக்கு உரியவை. அப்படிப்பட்டவர் எல்லா ஊரிலும் இருப்பதில்லை என்பதால், பயிலரங்கு நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

கீ ஒட்டிக்கொள்கிறது

'ஜி ஷார்ப்' பேடு ஒட்டிக்கொள்வது நம் ஊர்ப் புழுக்கத்தில் சாதாரணம். பளபளப்பில்லாத காகிதத்தைப் பேடுக்கு அடியில் வைத்து மூடிச் சில வினாடிகள் பொறுத்து, பிறகு திறந்து காகிதத்தை எடுக்க வேண்டும். முகப்பவுடர் தூவும் பழக்கத்தை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அது ஈரத்தோடு சேர்ந்து களியாகி, பேடின் தோலைக் கெடுக்கிறது. ஸ்பிரிங் கொக்கியிலிருந்து கழன்றிருந்தால் நூல் பின்னும் ஊசியால் மறுபடி மாட்டலாம். உடைந்திருந்தால் ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டு அன்றைய நாளைக் கடத்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

மேல் ஸ்தாயி 'ஜி' கீச்சிடுகிறது, 'ஏ' நன்றாக வருகிறது

ஸ்வரத்தை மேல் ஸ்தாயிக்கு உயர்த்தும் ஆக்டேவ் கீயின் வளையம் வளைந்திருக்கிறது. கீழ் ஸ்தாயி 'ஜி' விரலைப் பிடித்துக்கொண்டு ஆக்டேவ் கீயை அழுத்தி அழுத்தி விட்டால், நெக்கின் மேலுள்ள சின்னப் பேடு சிறிதும் அசையக் கூடாது. அசைந்தால், நெக்கை மாட்டும்போது அந்தக் கீயைப் பிடித்துத் திருகியதால் வளைந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வளைப்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், அளவு தெரியாமல் வளைத்தால் நெக்கே கோணும். இதைப் பழகியவரிடமே விட வேண்டும்.

விருந்தினர் ஒரு மணி நேரம் தள்ளி வருகிறார்

சிங்கப்பூரும் துபாயும் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து இணையும் நெல்லைக்காரர்களால் குழப்பம் வருவதில்லை. இலண்டன் கோடையில் நமக்கு நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. நியூயார்க் ஒன்பதரையும் பத்தரையும். இலண்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும் நாட்கள். மார்ச் மாதத்திலும் இவ்வாறே மாறும். அந்த வாரங்களில் நடக்கும் பயிலரங்குக்கு, நம் நேரத்தையும் அவர்களுடைய ஊர் நேரத்தையும் சேர்த்தே எழுதி, பதிலில் உறுதிப்படுத்தும்படி கேட்க வேண்டும்.

பெயர் பதிவு செய்தவர்களில் பலர் வரவில்லை என்றாலும், பயிலரங்கு எந்த நாளில் வைத்தோம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். முகூர்த்த நாளில் கல்யாணத்துக்கு வாசிப்பவர்கள் வர முடியாது. ஞாயிறு காலையில் தேவாலயத்தில் வாசிப்பவர்கள் வர முடியாது. ஆடி மாதத்தில் கல்யாணம் குறைந்தாலும் கோயில் கொடை விழாக்கள் இருக்கும். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமையே எங்களுக்கு ஒத்துவருகிறது.

எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியேறிவிட்டார்கள்

சரியாக 40 நிமிடத்தில் நடந்திருந்தால் அது கட்டணமில்லாக் கணக்கின் வரம்பு. ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டணக் கணக்கு எடுத்தால் போதும். வேறு நேரத்தில் நடந்திருந்தால் ஹோஸ்ட்டின் வீட்டில் மின்சாரம் போயிருக்கலாம். துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து பிற்பகல் வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாட்கள் முந்தைய நாட்களிலேயே செய்தித்தாளில் வருகின்றன. ஹோஸ்ட்டின் பகுதியும் ஆசிரியரின் பகுதியும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டிலும் ரவுட்டர் அதன் வழியில் இணைக்கப்படாமல் இருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்; மெயின் சுவிட்சை ஒரு முறை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கு மட்டுமான சிறிய யு.பி.எஸ். வாங்கலாம். அதன் வோல்ட்டும் ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இவற்றோடு, வேறு பகுதியில் வேறு இணைப்பில் இருக்கும் ஒருவரை இணை ஹோஸ்ட்டாக முன்னதாகவே நியமித்துவிட்டால், ஒருவர் வீட்டில் மின்சாரம் போனாலும் கூட்டம் அறுபடாமல் நடக்கும்.